ரோட்டு வைத்தியம்

என் வயதுக்காரர்களே, நீங்கள் சேர்ந்துவிட்டால் போதும், பழைய ஆட்களைப் புகழத் தொடங்கிவிடுகிறீர்கள். நடுக்காட்டில் வண்டி நின்றாலும் கையில் கிடைத்ததை வைத்துக் கட்டி ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்களாம். அதைப் படம் போட்டு வாட்ஸப்பில் வேறு அனுப்புகிறீர்கள். சமீபத்தில் ஒரு தோழி அப்படி அனுப்பியதற்கு, கையில் கிடைத்தது என்றால் யார் கையில் இருந்தது என்று திருப்பிக் கேட்டேன். அவள் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டுப் போய்விட்டாள். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. வயதானால் மன்னிக்கும் குணம் தானாக வரும் என்கிறார்கள். எனக்கு மூட்டு வலிதான் வந்திருக்கிறது.

எங்கள் பெரியப்பாவும் நீங்கள் புகழ்கிற மாதிரி ஒரு கெட்டிக்காரர்தான். செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் ஏற்றுவதற்காகப் பழைய வேன் ஒன்று வாங்கி வைத்திருந்தார். தாத்தா போன பிறகு வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அடுத்தவர் என் அப்பா. கடைசியாகப் பிறந்தவள் அத்தை. அண்ணன் பேச்சுக்கு அப்பாவிடம் மறுபேச்சு கிடையாது. அவருக்கு மறுபேச்சு பேசவே தெரியாது என்று அம்மா சொல்லுவாள், அவர் காதில் விழும்படியாக.

அந்த வேன் நிற்பதற்கென்று ஆளில்லாத இடமாகப் பார்த்து நிற்கும். போன் கிடையாது. மெக்கானிக் வேண்டுமென்றால் யாராவது பெரம்பலூர் போய்க் கூட்டிவர வேண்டும். பெரியப்பா பதறமாட்டார். தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டை எடுத்து ஒரு உதறு உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, “ரோட்டு வைத்தியம் பாத்துட்டாப் போச்சு” என்று இறங்குவார்.

ஒருமுறை டீசல் டேங்கில் ஓட்டை. அம்மா வாங்கி வைத்திருந்த புது சோப்பைப் பிசைந்து அடைத்தார். சந்தை நாள் வரும்வரை நாங்கள் சீயக்காயில் முகம் கழுவினோம். இன்னொருமுறை ரேடியேட்டர் ஒழுகியது. குலசாமி கோயிலுக்குப் பொங்கல் வைக்க எடுத்துப்போன மஞ்சள் தூள் மொத்தத்தையும் அதற்குள் கொட்டினார். ஆக்சிலேட்டர் கம்பி அறுந்தபோது என் சடையிலிருந்த சிவப்பு ரிப்பனை உருவி முடிச்சுப் போட்டார். “நான் சொல்றப்ப இழுடி” என்று என்னை இன்ஜின் மூடிமேல் உட்கார வைத்தார். நான் இழுத்து இழுத்துத்தான் வண்டி ஊருக்கு வந்தது. இன்ஜின் சூட்டில் தொடை கொப்பளித்துவிட்டது. டீக்கடையில் அன்று முழுக்க அவருடைய மூளையைப் பற்றித்தான் பேச்சு.

இப்போது யோசித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அந்த வைத்தியத்துக்கு அவருடைய பொருள் ஒன்றுகூட ஒருநாளும் செலவானதில்லை. சோப்பு அம்மாவுடையது, ரிப்பன் என்னுடையது, டயருக்குள் திணித்த வைக்கோல் வழியில் யாரோ ஒருவருடைய போரிலிருந்து பிடுங்கியது. அவர் துண்டு மட்டும் எப்போதும் வெள்ளையாகவே இருந்தது.

நான் சொல்ல வந்தது ஒரு பங்குனி மாதத்தை. அந்த வருடம் வெங்காயம் நல்ல விளைச்சல். வீட்டைச் சுற்றி, படல் கட்டிக் குவித்து வைக்கிற பட்டறைகளில் காயவைத்திருந்தார்கள். அத்தை விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார்ந்து வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுப்பாள். அவள் தலையைத் தொட்டால் வெங்காயச் சருகு கையோடு வரும். அவள் வயதுப் பெண்களெல்லாம் இரண்டு பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வந்த இடமெல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப் போயிருந்தது. எல்லாக் காரணத்தையும் கண்டுபிடித்துச் சொன்னவர் பெரியப்பா.

அப்போதுதான் ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ஒருவர் விதை வெங்காயம் வாங்க வந்தார். முந்திரித் தோப்பு வைத்திருக்கிறவர். அத்தைதான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது. அத்தை அதை என்னிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். “குடிச்ச டம்ளர ஆம்பள கழுவி வச்சு நீ பாத்திருக்கியாடி?” என்று கேட்பாள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. பத்து வயதில் எப்படிப் படும்?

அவருக்கும் ஏதோ தோன்றியிருக்க வேண்டும். ஒரு உறவுக்காரர் மூலமாகச் சேதி வந்தது. திருமழபாடிக் கோயிலில் நந்தி தேவர் கல்யாணத் திருவிழாவுக்கு மாப்பிள்ளையின் அம்மா வருவார், பெண்ணையும் கூட்டிவாருங்கள், கோயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று. நந்தி கல்யாணத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் ஆகாத கல்யாணமும் சீக்கிரம் கூடிவரும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அந்த அம்மாவுக்கு இன்னொரு பழக்கமும் இருந்ததாம். பெண் பிடித்திருந்தால், கோயில் தேங்காயையும் பூவையும் பெண்ணின் முந்தியில் போடுவார். முந்தியில் விழுந்துவிட்டால் பாதி நிச்சயம் முடிந்த மாதிரி. அம்மா அத்தையை நிற்கவைத்து, முந்தானையை இரண்டு கையாலும் எப்படி ஏந்துவது என்று பழக்கினாள். தேங்காய்க்குப் பதிலாக ஒரு வெங்காயத்தைப் போட்டுப் பார்த்தார்கள். அன்று இருவரும் சிரித்த சிரிப்பு பட்டறைவரை கேட்டது.

அத்தை ஒரு நைலக்ஸ் சேலை எடுத்தாள். மயில் கழுத்து நிறம், முந்தி மட்டும் மாந்துளிர் நிறத்தில் கொடிகொடியாகப் பூப்போட்டது. அவளாகக் கடையில் நின்று தேர்ந்தெடுத்த முதல் சேலை அதுதான். அதற்கு முன்பு எல்லாம் யாராவது எடுத்துவந்து போட்டதுதான்.

காலையிலேயே கிளம்பினோம். பெரியப்பா ஓட்ட, பக்கத்தில் அப்பா. பின்னால் தார்ப்பாய் விரித்து நாங்கள் மூவர். அரியலூர் தாண்டியதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வந்து வெள்ளைப் புழுதியை வாரி இறைத்தன. அத்தை சேலைமேல் பழைய போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழப்பழுவூர் கடந்து கொஞ்ச தூரம் போயிருப்போம். முன்னாலிருந்து ஏதோ பட்டென்று தெறித்தது. ரப்பர் தீயும் நாற்றம் வந்தது. மூடியைத் திறந்தால் ஒரே ஆவி.

பெரியப்பா உள்ளே கைவிட்டு, அறுந்துபோன பேன் பெல்ட்டைச் செத்த பாம்பைத் தூக்குவது போலத் தூக்கிக் காட்டினார். அது சுற்றினால்தான் இன்ஜினைக் குளிரவைக்கிற காற்றாடி சுற்றும். அது இல்லாமல் ஓட்டினால் இன்ஜின் கொதித்துப் போய்விடும்.

அப்பா கேட்டார், “ஸ்பேர் இல்லீங்களாண்ணே?”

“இருந்தா இங்க எதுக்குடா நிக்கிறேன்?”

இந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இத்தனை வருடமாக வைத்திருக்கிறேன்.

திருமானூர் போகிற பஸ் ஒன்று வந்தது. பொம்பளைகளை ஏற்றிவிட்டால் நேரத்துக்குப் போய்விடுவார்கள் என்று அப்பா மெதுவாகச் சொன்னார். “வண்டி வச்சிருக்கறவன் வூட்டுப் பொம்பளைங்க பஸ்ஸுல வந்து எறங்குனா என்னை எவன்டா மதிப்பான்?” என்றார் பெரியப்பா. பஸ் போய்விட்டது. அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எதைப் பிடுங்கலாம் என்று பார்க்கிற அந்தப் பார்வை எனக்கு நன்றாகப் பழக்கம். நான் ரிப்பனைக் கையால் மூடிக்கொண்டேன். பார்வை அத்தையின் சேலையில் போய் நின்றது.

“நைலக்ஸுதான? அது தாங்கும். முந்தியில ஒரு பாகம் குடு.”

“அண்ணே, இது...” என்று அத்தை தொடங்கினாள்.

அம்மா குறுக்கே வந்தாள். “எஞ் சேலையக் கிழிச்சுக்குங்க மாமா.”

“ஒன்னுது பருத்தி. பொசுங்கிப் போயிரும்.”

“பெரியப்பா, துண்டு?” என்று நான் கேட்டேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது.

“துண்டக் குடுத்துட்டு சம்பந்தி முன்னால வெறுந்தோளோட நிக்கவாடி நான்? பேச்சப் பாரு.”

அத்தை வேனுக்குப் பின்னால் போனாள். அவளே முந்தியை வெளியே நீட்டினாள். தாள் அறுக்கிற கத்தியால் பெரியப்பா அறுத்தார். நைலக்ஸ் கிழிகிற சத்தம் ஒரு மாதிரி கீச்சென்று இருக்கும். அதை முறுக்கித் தண்ணீரில் நனைத்து, பெல்ட் ஓடுகிற இரண்டு சின்னச் சக்கரத்தின்மேலும் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டார். வண்டி ஓடியது. வழியில் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தவர் ஒருவர், “சேலையில பெல்ட்டா? ஆளு பெரிய கைகாரருங்க” என்றார். பெரியப்பாவின் கழுத்து ஒரு சுற்றுப் பெரிதானது.

அடிக்கடி நிறுத்தித் தண்ணீர் ஊற்றி ஊர்ந்து போனதில் சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்தோம். நந்தி மாப்பிள்ளை திருவையாற்றிலிருந்து பல்லக்கில் வந்து இறங்கி, மேளம் முழங்க மணமேடைக்குப் போய்விட்டார். கூட்டம் நெரிந்தது. நாங்கள் தாலி கட்டுவதைப் பார்க்கவில்லை. மேளச் சத்தத்தை மட்டும்தான் கேட்டோம். அத்தை மிச்சமிருந்த சேலையை இழுத்துத் தோளில் கொண்டுவந்து, இடுப்புக்கு எட்டாமல் ஒரு ஊக்கால் குத்தியிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா எங்களுக்காக மண்டபத் தூணோரம் காத்திருந்தார். நல்ல முகம்தான். அத்தையைப் பார்த்துச் சிரித்தார், பக்கத்தில் உட்காரச் சொன்னார், என்ன சமைப்பாய் என்று கேட்டார். அப்புறம் கையிலிருந்த பையைத் திறந்து தேங்காயையும் பூவையும் எடுத்தார். “முந்தியப் புடிம்மா” என்றார்.

அத்தையின் கை தானாக இடுப்புப் பக்கம் போனது. அங்கே ஒன்றுமில்லை. அறுந்த ஓரம் நூல் நூலாகத் தொங்கியது. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டினாள். அந்த அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். நல்ல காரியத்துக்கு அறுந்த சேலையில் வந்து நிற்கிறாளே என்று அவர் நினைத்தது அப்படியே தெரிந்தது. அம்மா அவசரமாகப் பெல்ட் அறுந்த கதையைச் சொன்னாள். அதைக் கேட்டதும் இன்னும் மோசமாகிவிட்டது. “பொண்ணு பாக்கக் கெளம்பறப்பவே அறுந்துச்சா?” என்றார் அவர். தேங்காய் பைக்குள் திரும்பிப் போனது. பூவை மட்டும் என் தலையில் வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

பெரியப்பா அப்போதுதான் சிரித்தார். “கல்யாணம் முந்தி ஆவும்னு வந்தா, இவளுக்கு முந்தியே போயிருச்சு” என்றார். தூணோரம் நின்ற யார் யாரோ சிரித்தார்கள். அப்பாகூடச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அவர் போய்ச் சேர்ந்து வருடங்களாகின்றன.

அன்று அங்கேயே கொள்ளிடக் கரையோரச் சத்திரத்தில் தங்குவதென்று முடிவானது. சோற்றுத் தூக்குவாளி முன் சீட்டுப் பக்கம் இருக்கிறது, எடுத்து வா என்று அம்மா என்னை அனுப்பினாள். வாளி சீட்டுக்கு அடியில் உருண்டு போயிருந்தது. கையைவிட்டு இழுத்தேன். அதோடு ஒரு காகிதப் பொட்டலமும் வந்தது. காகிதம் ஒரு பக்கம் கிழிந்து, உள்ளே கறுப்பாக, பளபளவென்று, புது ரப்பர் வாசனையோடு ஒரு வளையம். காலையில் அறுந்ததைப் பார்த்திருந்ததால் அது என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்பாவிடம் போகவில்லை. அத்தையிடம் போனேன். அவள் கொள்ளிடத்து மணலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். முகர்ந்து பார்த்தாள். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

“புதுசு” என்றாள்.

“அப்பாட்ட சொல்லிருவோம் அத்த.”

“சொன்னா? மறந்துட்டேன்னு சொல்லுவாரு. எல்லாரும் ஆமாம்பாங்க.” பெல்ட்டை மடியில் வைத்தாள். “மறக்கல. அவரே காட்டுவாரு, பாரு.”

ஊற்றுத் தோண்டுவது போல மணலைத் தோண்டினாள். நானும் சேர்ந்து தோண்டினேன். தண்ணீர் சுரக்கிற ஆழத்தில் அந்தப் பெல்ட்டை வைத்து மூடி, மேலே மிதித்தாள். ஒரு மிதி அல்ல. வெகுநேரம் மிதித்தாள். நானும் மிதித்தேன். என் வாழ்நாளில் அத்தனை ஆசையாக வேறெதையும் நான் மிதித்ததில்லை. பிற்பாடு அந்த ஆற்று மணலை லாரி லாரியாக அள்ளினார்களே, அதோடு ஏறி எந்த ஊருக்குப் போனதோ.

மறுநாள் காலை அதே சேலை முறுக்கோடு கிளம்பினோம். அரியலூர் தாண்டியது, பிழைத்தது. ஆலத்தூர் கேட் தாண்டி எங்கள் ஊருக்குத் திரும்புகிற சாலையில், மலைக்கோயில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், முடிச்சு அறுந்தது. ஊர்க் களத்தில் அன்று திருச்சி மண்டிக்கு ஏற்ற வேண்டிய வெங்காய மூட்டைகள் தைத்து அடுக்கியிருந்தன. ஏற்றுகிற ஆட்கள் காத்திருந்தார்கள். பெரியப்பா எங்கள் எல்லோரையும் இறங்கச் சொன்னார். “கொஞ்சம் மரத்தடியில போயி நில்லுங்க” என்றார். அத்தை நகரவில்லை. நானும் நகரவில்லை.

அவர் சீட்டுக்கு அடியில் கையைவிட்டார். துழாவினார். குனிந்து பார்த்தார். ஜாக்கியை எடுத்து வெளியே வைத்தார். அழுக்குத் துணி மூட்டையைப் பிரித்து உதறினார். மறுபடியும் கையைவிட்டார், இந்தத் தடவை தோள்வரைக்கும்.

“என்னண்ணே தேடுறீங்க?” என்று அப்பா கேட்டார்.

“ஒண்ணுமில்லடா. ஸ்பேனரு.”

“ஸ்பேனரு ஒங்க கையிலதான இருக்கு?”

பெரியப்பா கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். அப்புறம் அத்தையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் என்ன செய்ய முடியும்? பெல்ட் எங்கே என்று கேட்டால், பெல்ட் இருந்தது என்று ஆகிவிடும். அவர் வாய் ஒருமுறை திறந்து மூடியது. அந்த முகத்தை ஒரு போட்டோ எடுத்துவைக்க வழியில்லாமல் போனதே என்று எனக்கு இன்றும் வருத்தம்.

“நீ ஏதாச்சும் எடுத்தியா?” என்றார் கடைசியில்.

“எதண்ணே?” என்றாள் அத்தை. சத்தமாகத்தான் கேட்டாள்.

அவர் குரலை இறக்கி, சேலையில் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்றார்.

“இனிமே கிழிச்சா மானம் போயிரும்ணே. ஒங்க துண்டு இருக்கே.”

துண்டு முதலில் போனது. முறுக்கிக் கட்டி ஓட்டியதில் இரண்டு வயல் தூரம்கூடத் தாங்கவில்லை. அப்புறம் வேட்டி. அப்பா தன்னுடையதை அவிழ்க்கப் போனார். “நீங்க பேசாம நில்லுங்க” என்று அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். கோடு போட்ட டிராயரோடு பெரியப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். களத்துக்குள் வேன் நுழைந்தபோது மூட்டை தைக்கிறவர்கள், தாள் அறுக்கிற பெண்கள், மண்டி ஆள் எல்லோரும் இருந்தார்கள். அவர் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினார். பெண்கள் முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மண்டி ஆள் பொத்தவே இல்லை.

இது போதுமா என்று கேட்காதீர்கள். போதாது. அடுத்த முகூர்த்தத்திலேயே அந்த முந்திரித் தோப்புக்காரருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. அதற்குப் பிறகு அத்தைக்கு வந்த ஒவ்வொரு இடத்திலும், பெண் பார்க்கப் போகையில் வண்டி பெல்ட் அறுந்த கதை எப்படியோ முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. ராசியில்லாதவள் என்றார்கள். பெரியப்பா அந்த முந்தி நகைச்சுவையை விருந்தாளிகளிடம் எடுப்பார். அத்தை சோறு பரிமாறிக்கொண்டே, “அன்னிக்கி சீட்டுக்கடியில என்னத்தண்ணே தேடுனீங்க?” என்பாள். அவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வார். கொஞ்ச காலத்தில் அந்த நகைச்சுவை செத்துப்போனது. கேள்வி மட்டும் சாகவில்லை. தீபாவளி, பொங்கல், அவர் பேரன் காதுகுத்து என்று எதையும் அவள் விட்டுவைக்கவில்லை.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். சம்பளமில்லாமல் வேலை செய்கிற தங்கையை வெளியே அனுப்ப மனமில்லாமல் போட்ட திட்டம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்படி நினைப்பதில் ஒரு வசதி இருந்தது. திட்டம் போட்டுக் கெடுத்தவனை வெறுப்பது எளிது.

இந்த வருடம் பெரியப்பா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று தகவல் வந்தது. அத்தை இப்போது என்னோடு பெரம்பலூரில் இருக்கிறாள். முடியெல்லாம் நரைத்துவிட்டது. பார்த்துவிட்டு வருவோம் என்று அவள்தான் கிளம்பினாள். கட்டிலைச் சுற்றி அவர் பிள்ளைகள், மருமகள்கள் எல்லாம் நின்றார்கள். அவருக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. அத்தை தலைமாட்டில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் அவர் காதில் சாமி பேரைச் சொல்லச் சொன்னார்கள். அவள் காதருகே குனிந்து, வழக்கமாகக் கேட்பதையே கேட்டாள்.

“சீட்டுக்கடியில என்னத்தண்ணே தேடுனீங்க?”

அவருடைய கை படுக்கையில் துழாவியது. “பெல்ட்டு” என்றார். “புதுப் பெல்ட்டு. இங்கதான் வச்சிருந்தேன். காணோம்.”

“இருந்துச்சா?”

“இருந்துச்சு. நாளைக்கி லோடு இருக்குன்னு வச்சிருந்தேன். வெங்காய லோடு. ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போவ எதுக்குப் புதுசு?”

என்னப்பா பெல்ட்டு என்று மூத்த மகன் கேட்டான். திட்டம் எதுவும் இல்லை. அவர் அவளைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அத்தை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள்.

வாசலைத் தாண்டப் போகையில் அவர் குரல் கேட்டது. “யாருடா அது போறது?”

“ஒங்க தங்கச்சிப்பா” என்றான் மகன்.

“அவளா? கல்யாணம் ஆயிருச்சா அவளுக்கு?”

அத்தை நின்றாள். திரும்பிப் பார்க்காமல், அவருக்குக் கேட்கிற சத்தத்தில் சொன்னாள்.

“இல்லண்ணே. மறுநாளு லோடு இருந்துச்சுல்ல.”